நாலு கோடு இருக்கிறது, வேகம் எங்கே?

சிங்கப்பூர்க் கைத்தொலைபேசி விளம்பரத்துக்கும் தோட்டப் பாட்டாளிக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஜோகூர்த் தோட்டங்களில் மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று விடியுமுன்னே கடற்பாலம் தாண்டி அங்கே வேலைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த தோழர்கள் அங்கே கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இரு சாராரையும் தேக்காவில் பார்க்கலாம். சிராங்கூன் சாலையில் இருந்து முஸ்தபா வரைக்கும் கையில் போன் இல்லாத ஆளே கிடையாது.

இந்தப் போன் வியாபாரத்தின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2008 ஆகஸ்டு 22-ஆம் தேதி சிங்கப்பூரில் ஐபோன் 3ஜி விற்பனைக்கு வந்தது. விற்கும் உரிமை சிங்டெல் நிறுவனத்துக்கு மட்டும். வேண்டியவர்கள் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். ஸ்டார்ஹப், எம்1 ஆகிய மற்ற இரண்டு நிறுவனங்களும் ஐபோனை விற்க 2009 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2009 மார்ச்சில் மேக்சிஸ் நிறுவனம்தான் அதை முதலில் கொண்டுவந்தது.

ஏன் ஒரே கடைக்கு உரிமை? ஐபோன் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, அதே 2008 ஜூனில், சிங்கப்பூரில் பழைய எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி முழுமையாக வந்துவிட்டது. வாடிக்கையாளரைக் கட்டி வைத்திருந்த கயிறு அறுந்தது. அந்த நேரத்தில் வந்த புதுக் கயிறுதான் இந்தப் போன் என்பது நம் கருத்து. நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. தோட்டத்தில் ஒரே ஒரு கடை. அதில் பற்று வைத்துச் சாமான் வாங்கு. சம்பள நாளில் கணக்குப் பிடித்துக்கொள்வார்கள். வேறு கடையில் அரிசி மலிவு என்று தெரிந்தாலும் போக முடியாது. பற்றுப் புத்தகம் போய் ஒப்பந்தப் பத்திரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் தேக்காத் தோழருக்கு அந்த ஒப்பந்தமும் எளிதல்ல. அவருடைய வேலை பெர்மிட்டே பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான். அதனால் அவர் ப்ரீபெய்டு கார்டுக்காரர். 2014 ஏப்ரலில் இருந்து ஆளுக்கு மூன்று ப்ரீபெய்டு கார்டுக்கு மேல் கிடையாது, அதற்கும் பெர்மிட்டையோ பாஸ்போர்ட்டையோ காட்ட வேண்டும். (இரக்கப்பட்டு இன்னொருவருக்கு உங்கள் பெயரில் கார்டு வாங்கித் தராதீர்கள். அது மோசடிக்குப் போனால் போலீஸ் உங்களைத்தான் தேடி வரும்.)

இனி வேகம். “அண்ணே, நாலு கோடு நிக்குது, ஆனா வீட்டுக்குப் பேசுனா மூஞ்சி அப்படியே உறைஞ்சு போவுது” என்று தோழர்கள் நம்மிடம் சொல்வதுண்டு. கோடு என்பது கோபுரத்தின் அலை உங்கள் போனுக்கு எவ்வளவு நன்றாக எட்டுகிறது என்பதை மட்டுமே காட்டும். வேகம் வேறு கணக்கு. லயத்துக் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாய் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் வேலை விட்டு வந்து எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசி வீட்டுக்குச் சொட்டுத்தான் விழும். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் கீழே நிற்கும் அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஞாயிறு மாலை தேக்காவில் எத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஊருக்குப் பேசுகிறார்கள்!

விளம்பரத்தில் போடுவது உச்ச வேகம். மேலே சொன்ன ஐபோன் 3ஜி-யின் உச்சம் வினாடிக்கு 3.6 மெகாபிட். பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, ஒரு வினாடிக்கு அரை மெகாபைட்கூட இறங்காது, அதுவும் குழாயில் நீங்கள் ஒருவரே நின்றால். இந்த ஏமாற்றம் பெருகியதால்தான் சிங்கப்பூர் அரசு, உச்ச வேகத்தை மட்டும் சொல்லாமல் வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தையும் வெளியிட வேண்டும் என்று 2012-இல் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. நல்ல காரியம். ஆனால் டாப் அப் செய்யப் போகிற தோழர் அந்தக் கணக்கை எங்கே தேடிப் படிக்கப் போகிறார்?

புது வேகம் வரும்போது பழையதை மூடுகிறார்கள். நம்மை நேரே இடிப்பது இதுதான். 2017 ஏப்ரல் முதல் தேதி சிங்கப்பூரில் மூன்று நிறுவனங்களும் 2ஜி-யை நிறுத்தத் தொடங்கின. பட்டன் போன் வைத்திருந்தவர் சும்மா இருந்த காசைப் போட்டுப் புதுப் போன் வாங்க வேண்டியதாயிற்று. 2024-இன் கடைசியில் 3ஜி-க்கும் முடிவு வந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 4ஜி போன் என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதாது. வோல்டி என்கிற, 4ஜி வழியாகவே குரல் அழைப்புப் பேசும் வசதி அதில் இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் கம்பியில்லாத் தொடர்பில் அது வேலை செய்யவும் வேண்டும். இல்லாவிட்டால் படம் ஓடும், பேச முடியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த போனையும் பழைய போனையும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 2021 கடைசியில் 3ஜி-யை மூடியபோது 2ஜி-யை விட்டு வைத்தார்கள். அதனால் இங்கே பேச முடிந்த போன் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊமையாகிவிடலாம்.

போன் ஆடம்பரம்தானே, வசதி இருந்தால் வாங்கட்டும் என்று முதலாளிகள் சொல்வார்கள். 2020-இல் கொவிட் வந்து தங்குவிடுதிகளைப் பூட்டியபோது, 3 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அறைக்குள் இருந்தார்கள். வீட்டுக்குச் செய்தி சொல்ல, பணம் அனுப்ப, உடல்நிலையைப் பதிய, எல்லாவற்றுக்கும் போன். அப்போது விடுதிகளில் வைஃபையும் சிம் கார்டும் கொடுத்தார்கள். தேவை என்று ஒப்புக்கொண்டதால்தானே கொடுத்தார்கள்? 2016 ஏப்ரலில் இருந்து சம்பளச் சீட்டு கொடுப்பது அங்கே கட்டாயம். அதையும் இன்று பல இடங்களில் போனுக்கே அனுப்புகிறார்கள். ஓவர்டைம் கணக்கில் தகராறு வந்தால் அந்தப் படம்தான் சாட்சி. ஆகவே வாங்குகிற சீட்டை எல்லாம் போனில் மட்டும் வைக்காமல் வீட்டாருக்கும் ஒரு படம் அனுப்பி வையுங்கள்; போன் தொலைந்தாலும் சாட்சி தொலையாது.

மண்வெட்டியும் காலணியும் வேலைக்கு வேண்டும் என்றால் முதலாளி தர வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் நாம். ஆள் கணக்கையும் வேலைக் கட்டளையையும் போன் வழியாக அனுப்புகிற நிர்வாகம், மாதத்து டேட்டாச் செலவில் ஒரு பங்கையாவது ஏற்க வேண்டும். கிளைச் செயலாளர்கள் இதை அடுத்த பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். அதற்கு முன்னால் உறுப்பினர்கள் மாதம் எவ்வளவு டாப் அப் செய்கிறார்கள், அதில் வேலைக்காகப் போவது எவ்வளவு என்று மூன்று மாதம் எழுதி வையுங்கள். மேசையில் உட்காரும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும்.