மலையை உடைக்க எந்த இயந்திரம்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கழக மாணவர்களுடன் ஜொகூரிலிருந்து ஈப்போவுக்குச் சுற்றுலா சென்றேன். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பேருந்து சிம்பாங் பூலாயை நெருங்கியதும் பாட்டும் சிரிப்பும் நின்றுபோயின. எல்லாரும் சன்னல் பக்கம் திரும்பினார்கள். பச்சைச் செடிகள் போர்த்திய செங்குத்தான குன்றுகள் வரிசையாக நின்றன. அவற்றில் சிலவற்றின் ஒரு பக்கம் மட்டும் கத்தியால் சீவியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தது.

"டீச்சர், இவ்வளவு பெரிய மலையை எந்த மிஷினை வைத்து உடைக்கிறார்கள்?" என்று படிவம் 2 மாணவி ஒருத்தி கேட்டாள்.

"முதலில் வெடிவைத்துப் பெயர்ப்பார்கள். அதன் பிறகு எந்த மிஷின் என்பது, அது என்ன கல், எதற்காக உடைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது" என்றேன்.

"கல் என்றால் எல்லாம் கல்தானே, டீச்சர்?"

அந்தக் கேள்விக்குப் பேருந்தில் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

எல்லாக் கல்லும் ஒன்றல்ல

ஈப்போவைச் சுற்றியுள்ள அந்தக் குன்றுகள் சுண்ணாம்புக்கல். நாம் தைப்பூசத்துக்குச் செல்லும் பத்துமலையும், ஈப்போ கல்லுமலை முருகன் கோயில் அமைந்துள்ள மலையும் அதே வகைதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சிப்பி, பவளம் போன்ற உயிர்களின் ஓடுகள் இறுகிப் பாறையாயின. அதன் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட்.

ஜொகூரில் நாம் காணும் கல்குவாரிகளில் பெரும்பாலும் உடைபடுவது கருங்கல், அதாவது கிரானைட். அது பூமிக்கடியில் உருகிய குழம்பு மெதுவாகக் குளிர்ந்து உண்டானது. அதில் குவார்ட்சு என்ற கடினமான கனிமம் நிறைய உண்டு. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்சுக்கு 7. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் கனிமத்துக்கு 3 மட்டுமே. ஓர் இரும்பு ஆணியால் சுண்ணாம்புக்கல்லைக் கீறலாம். குவார்ட்சைக் கீற முடியாது.

நம் மாநிலத்தில் ஈப்போ போன்ற சுண்ணாம்புக் குன்றுகள் இல்லாவிட்டாலும் அந்தக் கல் இல்லாமல் நம் வாழ்க்கை நடப்பதில்லை. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 பாகை செல்சியஸில் சுட்டால் 'கிளிங்கர்' என்ற உருண்டைகள் கிடைக்கும். அதைச் சிறிது ஜிப்சத்துடன் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. நம் பாசிர் கூடாங்கில் இந்த அரைக்கும் வேலை நடக்கிறது. பொந்தியானில் அன்னாசி விளையும் கரிமண் நிலம் மிகவும் அமிலத்தன்மை கொண்டது. அத்தகைய அமில மண்ணைத் திருத்தவும் சுண்ணாம்புக்கல் மாவைத்தான் தூவுகிறார்கள்.

வீட்டில் இருக்கும் மூன்று நொறுக்கிகள்

வெடிவைத்துப் பெயர்த்த பாறை சில சமயம் ஒரு மேசை அளவு இருக்கும். அதைப் படிப்படியாகச் சிறிதாக்கும் இயந்திரங்களில் மூன்று வகைகளை அறிந்தால் போதும். மூன்றும் நம் வீட்டுப் பொருள்களை நினைவூட்டுபவை.

முதலாவது தாடை நொறுக்கி. பாட்டியின் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை பிணைக்கப்பட்டிருக்கும். மறுமுனை திறந்து மூடும். தாடை நொறுக்கியிலும் ஒரு தகடு அசையாது நிற்க, மற்றொரு தகடு முன்னும் பின்னும் அசையும். இரண்டுக்கும் நடுவே மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் இடைவெளியில் கல் விழுந்து நசுங்கி இறங்கும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாலை போடும் பணியைக் கவனித்துவந்த ஈலை விட்னி பிளேக், ஆட்கள் சுத்தியலால் கல் உடைப்பதில் எவ்வளவு காலம் வீணாகிறது என்று கண்டு இதை உருவாக்கினார். 1858இல் காப்புரிமை பெற்றார். இன்றும் அடிப்படை அமைப்பு அதுவே.

இரண்டாவது கூம்பு நொறுக்கி. இது ஆட்டுக்கல்லைப் போன்றது. குழிக்குள் குழவி சாய்ந்து சுற்றுவதுபோல், ஓர் எஃகுக் கூம்பு மற்றொரு எஃகுக் கிண்ணத்துக்குள் சாய்ந்து சுழலும். இடையில் மாட்டிய கல் மீண்டும் மீண்டும் நசுங்கும்.

மூன்றாவது மோதல் நொறுக்கி. கோயில் வாசலில் சிதறு தேங்காய் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காயை யாரும் நசுக்குவதில்லை. ஓங்கி எறிகிறோம், ஒரே மோதலில் சிதறுகிறது. இந்த நொறுக்கியில் ஓர் உருளை வேகமாகச் சுழலும். அதில் பொருத்திய தடித்த எஃகுப் பட்டைகள் நொடிக்கு 30 மீட்டர் அளவிலான வேகத்தில் கல்லை அடிக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் காரின் வேகம் அது! அடிபட்ட கல் எதிரே உள்ள தகட்டில் மோதி மேலும் உடையும்.

தேர்வு செய்ய நான்கு கேள்விகள்

இந்த மூன்றில் எது சிறந்தது? அப்படிக் கேட்டால் பொறியியலாளர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். அவர்களே நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேட்பார்கள்.

முதல் கேள்வி: கல் எவ்வளவு கடினம், எவ்வளவு தேய்க்கும்? கருங்கல்லை மோதல் நொறுக்கியில் போட்டால் உடையத்தான் செய்யும். ஆனால் அதிலுள்ள குவார்ட்சு, எஃகுப் பட்டைகளை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அடிக்கடி வேலையை நிறுத்திப் பட்டைகளை மாற்ற வேண்டிவரும். ஆகவே கருங்கல்லுக்குத் தாடையும் கூம்பும் பொருத்தம். அவற்றின் தகடுகளை மாங்கனீசு எஃகால் செய்கிறார்கள். 1882இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டறிந்த இந்தக் கலப்புலோகத்துக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு: அடிபட அடிபட அதன் மேற்பரப்பு மேலும் கடினமாகும். மென்மையான, குவார்ட்சு குறைந்த சுண்ணாம்புக்கல்லுக்கோ மோதல் நொறுக்கி நன்றாகப் பொருந்தும். ஆனால் சுண்ணாம்புக்கல் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. சில இடங்களில் அதனுள் சிலிக்கா கலந்திருக்கும். முதலில் ஆய்வுக்கூடச் சோதனை, பிறகுதான் இயந்திரம்.

இரண்டாம் கேள்வி: எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு? 800 மில்லிமீட்டர் பாறை 20 மில்லிமீட்டர் சல்லியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 800ஐ 20ஆல் வகுத்தால் 40. அதாவது 40 மடங்கு சிறிதாக்க வேண்டும். தாடை நொறுக்கி ஒரு முறையில் சுமார் 5 மடங்கு சிறிதாக்கும்: 800 என்பது 160 ஆகும். அடுத்து ஒரு கூம்பு 4 மடங்கு: 40 ஆகும். இன்னொரு கூம்பு 2 மடங்கு: 20 ஆகும். மூன்று இயந்திரங்கள் தேவை. மோதல் நொறுக்கியோ ஒரே முறையில் 10 மடங்குக்கு மேலும் சிறிதாக்க வல்லது. 800 என்பது 80 ஆகும். இரண்டாவது இயந்திரம் 4 மடங்கு சிறிதாக்கினால் 20. இரண்டே போதும்.

மூன்றாம் கேள்வி: கல் எவ்வளவு ஈரம்? நம் நாட்டு மழையில் சுண்ணாம்பு மலையின் வெடிப்புகள் எங்கும் செம்மண் இறங்கியிருக்கும். ஈரமான அந்த மண், கூம்பு நொறுக்கியின் குறுகிய இடைவெளியில் களிபோல் அப்பி அடைத்துக்கொள்ளும். அதனால் நொறுக்கிக்கு முன்பாகவே அதிரும் கம்பிச் சல்லடை ஒன்றை வைத்து மண்ணைப் பிரித்துவிடுகிறார்கள்.

நான்காம் கேள்வி: உடைத்த கல் எதற்குப் போகிறது? இதுதான் மிக முக்கியமான கேள்வி. சிதறு தேங்காயை மீண்டும் நினையுங்கள். பெரிய சில்லும் வரும், சின்னஞ்சிறு துணுக்கும் வரும். மோதல் நொறுக்கியும் அப்படித்தான். நசுக்கும் இயந்திரங்களைவிட அதிகத் தூளை உண்டாக்கும். சிமெண்டு ஆலைக்குத் தூள் ஒரு குறையே அல்ல. எப்படியும் அரைக்கத்தானே போகிறார்கள்? ஆனால் கான்கிரீட்டுக்குச் சல்லி விற்பவருக்கு அளவுக்கு மீறிய தூள் ஒரு சுமை. அதே சமயம், மோதலில் உடைந்த சல்லி தட்டையாக இல்லாமல் கனசதுரம் போன்ற வடிவில் வரும். கான்கிரீட்டுக்கு அது நல்லது. இதனால் பல கல்குவாரிகள் முதலில் தாடை, அடுத்து மோதல் என இரண்டையும் இணைத்து வைக்கின்றன.

மின்சாரம் எங்கே போகிறது?

1 மீட்டர் கனசதுரக் கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 6 சதுர மீட்டர். அதை 10 சென்டிமீட்டர் கனசதுரங்களாக்கினால் 1000 துண்டுகள். மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டர். 1 சென்டிமீட்டர் துண்டுகளானால் 600. 1 மில்லிமீட்டரானால் 6000 சதுர மீட்டர்! கல்லின் எடை மாறவில்லை. புதிய மேற்பரப்பு மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு புதிய மேற்பரப்பையும் உண்டாக்க ஆற்றல் தேவை. அதனால்தான் கல் பொடியாகப் பொடியாக மின்கட்டணம் ஏறுகிறது. தேவைக்கு மேல் பொடியாக்குவது மின்சாரத்தையும் கல்லையும் சேர்த்து வீணாக்குவது.

மலை திரும்ப வராது

இப்போது ஒரு கணக்கு. ஒரு கல்குவாரி நாள்தோறும் 1000 டன் சல்லி விற்கிறது என்போம். உடைத்த கல்லில் 10 விழுக்காடு விற்க முடியாத தூளாகப் போனால், அது நாளொன்றுக்கு 1111 டன் பாறையை வெட்ட வேண்டும். பொருந்தாத இயந்திரத்தால் தூள் 20 விழுக்காடானால் 1250 டன் வெட்ட வேண்டும். வித்தியாசம் 139 டன். சுண்ணாம்புக்கல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன் எடையுள்ளது. ஆக, நாளுக்கு ஏறத்தாழ 51 கன மீட்டர் மலை வீணாகிறது. நான்கே நாளில் ஒரு வகுப்பறை அளவு! குவிந்து கிடக்கும் தூள் மழையில் கரைந்து ஆற்றைக் கலங்கடிக்கும்.

மலை என்றால் கல் மட்டுமல்ல. பகாங்கில் பூக்கிட் பஞ்சிங் என்றொரு சுண்ணாம்புக் குன்று இருந்தது. கல்லுக்காக அது முழுவதும் வெட்டப்பட்டது. உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு நத்தையினம் அங்கு வாழ்ந்தது. குன்றோடு அதுவும் அழிந்தது. பேராக்கின் காந்தான் மலையில் கண்டறிந்த மற்றொரு நத்தைக்கு 2014இல் ஆய்வாளர்கள் அங்கே கல்லெடுத்துவந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே சூட்டினார்கள். அந்தச் சிற்றுயிரின் பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. பத்துமலையிலும் ஒரு காலத்தில் கல் உடைத்தார்கள்; 1980களில் அது நிறுத்தப்பட்டது.

அதற்காகக் கல்லே உடைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் பள்ளிக்கூடமே சிமெண்டால் கட்டியதுதான். எடுப்பதை வீணாக்காமல் எடுக்க வேண்டும் என்கிறேன். எந்த மலையைத் தொடக்கூடாது என்பதை அரசாங்கமும் மக்களும் முடிவு செய்ய வேண்டும். தொட்ட மலையில் எவ்வளவு வீணாகும் என்பது பெரிதும் அந்த நான்கு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில் இருக்கிறது. நாளை உங்களில் ஒருவர் அந்தப் பதிலைச் சொல்லும் பொறியியலாளராக இருக்கலாம்.

செய்து பாருங்கள்

வெவ்வேறு இடங்களில் கிடைக்கும் மூன்று நான்கு கூழாங்கற்களைச் சேகரியுங்கள். ஒவ்வொன்றையும் இரும்பு ஆணியால் கீறுங்கள். கீறல் விழுகிறதா, அல்லது ஆணியின் உலோகக் கோடு மட்டும் கல்லில் படிகிறதா என்று பாருங்கள். பிறகு கீறிய இடத்தில் சில துளி காடி விடுங்கள். சிறு குமிழ்கள் எழுந்தால் அது கார்பனேட்டாக இருக்கலாம். குமிழ்களில் இருப்பது கரியமில வாயு. ஒப்பிட்டுப் பார்க்க முட்டை ஓட்டின் மீதும் ஒரு துளி விடுங்கள். வீட்டில் சுத்தியலால் கல்லை உடைக்க வேண்டாம்; சில்லு கண்ணில் தெறிக்கும்.

இறுதியாக ஒரு கேள்வி. பொந்தியான் விவசாயி ஒருவருக்கு மாவு போன்ற சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். மேலே சொன்ன மூன்று நொறுக்கிகளில் எது அதைத் தரும்? அவசரப்பட்டு விடை எழுத வேண்டாம். மேற்பரப்புக் கணக்கை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, அம்மியும் அரவை ஆலையும் எதற்காக இருக்கின்றன என்று யோசியுங்கள். விடையைக் காரணத்துடன் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.