உயரம் கொடுப்பதும் கொடுக்காததும்

தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்கு வந்த இவர், 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் சிறந்த ஷூட்டராகத் தெரிவானார். அந்த உயரம் இருந்தால் யாரும் கோல் போடலாமே என்பார்கள். வளையம் இருப்பது, கூடைப்பந்தில் போலவே, 3.05 மீற்றர் உயரத்தில். அவர் தலைக்கு மேலேயும் 97 சென்ரிமீற்றர் மிச்சம், எறிந்துதான் ஆகவேண்டும். கூடைப்பந்தில் குறி சற்றுப் பிசகினாலும் பின்பலகை காப்பாற்றும். இங்கே பலகையே கிடையாது. வளையத்தின் உள்விட்டம் 38 சென்ரிமீற்றர், பந்தின் விட்டம் ஏறத்தாழ 22. கணக்குப் பார்த்தால், சுமார் 36 பாகைக்கும் குறைந்த சரிவில் இறங்கும் பந்து விளிம்பில் படாமல் உள்ளே போக வழியில்லை. உயரத்தால் நன்மை உண்டு, மறுக்கவில்லை: மேலிருந்து விடும் பந்துக்கு விசை குறைவாகப் போதும், விசை குறைந்தால் பிழையும் குறையும். ஆனால் மணிக்கட்டின் நிதானம் உயரத்தோடு சேர்ந்து பிறப்பதல்ல.

பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில்லையே, இதில் என்ன உடல்வலு என்று கூடைப்பந்து ரசிகர்கள் கேட்கக்கூடும். ஓட முடியாததுதான் கஷ்டமே. பாய்ந்து பந்தைப் பிடித்தவர் தரையிறங்கிய ஓரிரு அடிக்குள்ளேயே தன் வேகம் முழுவதையும் அடக்க வேண்டும். முதலில் ஊன்றிய காலைத் தூக்கினால், பந்து கையிலிருக்கும்வரை அதை மீண்டும் ஊன்றக்கூடாது. வலைப்பந்தில் முழங்கால் காயங்கள் அதிகமாவது இந்தத் திடீர் நிறுத்தத்தால்தான். நெடிய உடலுக்கு ஈர்ப்பு மையமும் உயரத்தில் இருப்பதால் சமநிலை இன்னும் சிரமம். சமநிலை கண்டு, குறிபார்த்து, எறிய அவருக்கு உள்ளது 3 செக்கன். 0.9 மீற்றர் தள்ளி நிற்கும் எதிரணிப் பெண்ணின் கை வேறு முகத்துக்கு நேரே நீண்டிருக்கும்.

அதற்கு முன் பந்து அவர் கைக்கு வரவேண்டுமே! கோல் போட உரிமை ஷூட்டர், கோல் அட்டாக் இருவருக்கும் மட்டும், அதுவும் 4.9 மீற்றர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுதான். தர்ஜினிக்கு உயர்த்தி எறியும் பந்தை எட்டிப் பறிப்பது அரிது. ஆகவே கெட்டிக்கார எதிரணி அவரை விட்டுவிட்டு, எறிபவர்களை நெருக்கும். உயரமே போதுமென்பவர்கள் 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தைப் பார்க்கலாம். அங்கே அதிக கோல்களைப் போட்டவர் தர்ஜினி. 16 அணிகளில் இலங்கைக்குக் கிடைத்தது 15ஆவது இடம்.