முடிவு தெரிவதற்கு முன் எழுதுங்கள்

1936இல் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் ஒரு சிறுவர் கதையின் தட்டச்சுப் பிரதி வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கான கதையை எடைபோடப் பிள்ளைகளே தகுதியானவர்கள் என்பது அவர் கட்சி. பத்து வயது மகன் ரேனரிடம் பிரதியைக் கொடுத்தார். படித்துக் கருத்து எழுதித் தந்தால் கூலி ஒரு ஷில்லிங். ரேனர் எழுதியது ஒரே ஒரு பத்தி. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வரைபடங்கள் இருப்பதால் படங்கள் தேவையில்லை என்றும், ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றும் முடித்திருந்தான்.

அந்தக் கதைதான் டோல்கீனின் ‘தி ஹாபிட்’. மறுவருடம் வெளியாகி உலகப் புகழ் பெற்றது. ரேனரின் பத்தியில் உள்ள கதைச்சுருக்கம் இன்று யாருக்கும் பயன்படாது. ஒன்பது வயதுக்காரர்களைச் சின்னப் பிள்ளைகளாகப் பார்க்கும் அந்தப் பத்து வயதுத் தோரணை மட்டும் இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது. வாசிப்புக் குறிப்பேடு வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதிலேயே பாதிப் பாடம் கிடைத்துவிடுகிறது.

ஃபேன்டஸிக்கு ஏன் தனி நோட்டு?

முதல் காரணம், நீளம். ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ 1990இல் தொடங்கியது. 2007இல் அவர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடிக்க, பதினான்காவது தொகுதி 2013இல் வந்தது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் வரிசையில் முதல் நாவல் 1996, ஐந்தாவது 2011. ஆறாவதுக்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வரிசைகளில் இரண்டு தொகுதிகளுக்கு நடுவே படிப்பவருக்குக் கல்யாணம் ஆகிவிடும், வேலை மாறிவிடும். யார் யாருக்கு உறவு, எந்தக் கோட்டை எந்தத் திசையில் என்பதெல்லாம் நினைவில் தங்குமா?

எழுதியவருக்கே குழம்பும். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிக்கொண்டிருந்த 1944இல், கதையில் நிலா ஓரிடத்தில் உதிக்கும் அதே நேரத்தில் இன்னோரிடத்தில் மறைவதைக் கண்டு டோல்கீன் சில இடங்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

இதனால்தான் இந்த வகை நாவல்களின் வாசகர்கள் குறிப்பெடுப்பதில் கெட்டிக்காரர்களாகிவிடுகிறார்கள். மார்ட்டினின் உலகத்தைப் பற்றிய தகவல்களை ஆர்வத்தால் திரட்டிக்கொண்டிருந்தவர்கள் சுவீடனில் வாழும் எலியோ கார்சியா, லிண்டா ஆன்டன்சன் தம்பதி. 2014இல் வெளியான ‘தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நூலின் அட்டையில் மார்ட்டினோடு அவர்கள் பெயரும் இருக்கிறது.

புத்தகம் தருவதை நகலெடுக்காதீர்கள்

புது நோட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் கதாபாத்திரங்களின் பட்டியலில் தொடங்கி, மூன்றாவது நாள் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். சலிப்பதில் வியப்பில்லை. மார்ட்டினின் நாவல்களில் குலங்களின் பட்டியல் பின்னிணைப்பாகவே இருக்கிறது. சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ நாவலில் உலோகத்தை விழுங்கி ஆற்றல் பெறுகிறார்கள். எந்த உலோகத்துக்கு எந்த ஆற்றல் என்பதையும் புத்தகமே கடைசியில் தந்துவிடுகிறது. அதையே திரும்ப எழுதிக் கை வலிப்பானேன்?

புத்தகம் தராததைச் செய்துகொள்ளலாம். நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ், 1932இல் தன் பால்ய நண்பர் ஆர்தர் கிரீவ்ஸுக்கு எழுதிய கடிதத்தில் தம் வழக்கத்தைச் சொல்கிறார். புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் வரைபடம் போடுவார். வம்சாவளி வரைவார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அங்கே நடப்பதை ஒரு வரியில் குறிப்பார். அடிக்கோடிட்ட இடங்களுக்கெல்லாம் முடிவில் அகராதிபோல ஒரு பட்டியல் தயாரிப்பார். நார்னியா பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முந்தைய பழக்கம் இது. தானே வரைந்த வரைபடம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் மறக்காது.

ஊகத்துக்கு ஒரு பக்கம்

குறிப்பேட்டில் மிகவும் மதிப்புள்ள பக்கம், முடிவு தெரியாத நிலையில் எழுதுகிற பக்கம். அர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ 1968இல் வந்தது. அந்த உலகத்தில் எதன் உண்மைப் பெயரை அறிகிறோமோ அதன்மேல் நமக்கு அதிகாரம் உண்டு. இளம் மந்திரவாதி கெட், கர்வத்தால் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. அதன் பெயர் என்ன? நாவலின் நடுவில் புத்தகத்தை மூடிவைத்து, தேதியும் பக்க எண்ணும் போட்டு, உங்கள் ஊகத்தை இரண்டு வரி எழுதுங்கள். விடை தெரிந்தபின் அந்த அறியாமை திரும்பக் கிடைக்காது. எத்தனை முறை மறுபடி படித்தாலும் கிடைக்காது.

கதாபாத்திரங்களைப் பற்றிய முதல் அபிப்பிராயமும் இதே ரகம். மார்ட்டினின் முதல் நாவலில் ஜேமி லேனிஸ்டர் ஒரு சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். நோட்டில் அவனைத் திட்டித் தீர்த்திருப்போம். 2000இல் வந்த மூன்றாம் நாவலில் கதை அவன் பார்வையிலிருந்தும் நகர்கிறது. திட்டிய வரிகள் கையில் இருந்தால்தான், ஆசிரியர் நம்மை எவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கிறார் என்று அளக்க முடியும்.

வயது ஏறும்போது

எர்த்சீ வரிசையின் இரண்டாம் நாவலில் டெனார், இருட்டுக் கல்லறைகளுக்குப் பூசாரியாக வளர்க்கப்படும் சிறுமி. மூன்றாவது நாவல் 1972இல் வந்தது. அதன்பின் பதினெட்டு வருட இடைவெளி. 1990இல் ‘தெஹானு’ வந்தபோது டெனார் விதவை. பண்ணை வீட்டில், தீக்காயம்பட்ட ஒரு குழந்தையை வளர்க்கும் நடுவயதுப் பெண். மந்திரவாதிகளின் உலகத்தில் பெண்களுக்கு என்ன இடம் என்று, தான் படைத்த உலகத்தையே லெ குவின் கேள்வி கேட்டார். மூன்றாவது நாவலைப் பதினைந்து வயதில் படித்தவருக்கு நான்காவது வந்தபோது முப்பத்து மூன்று. அந்த வாசகி பள்ளி நாளில் டெனாரைப் பற்றி நாலு வரி எழுதி வைத்திருந்தால், ஆசிரியர் மாறியதையும் தான் மாறியதையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கலாம்.

வாசிப்புக் குறிப்பு வாசிப்பவரைத்தான் காட்டிக்கொடுக்கும் என்பதை ஜோ வால்டன் ஒரு நாவலாகவே எழுதிக்காட்டினார். 2011இல் வந்த ‘அமங் அதர்ஸ்’ முழுக்க மோரி என்ற பதினைந்து வயதுப் பெண்ணின் டைரி. விடுதிப் பள்ளியில் தனிமையில் இருக்கும் அவள், தான் படிக்கும் அறிபுனைவையும் ஃபேன்டஸியையும் பற்றி ஓயாமல் அபிப்பிராயம் சொல்கிறாள். புத்தகங்களைப் பற்றிய அந்தப் பேச்சிலேயே அவள் இழப்பும் துணிச்சலும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டும் அந்நாவலுக்குக் கிடைத்தன.

ஆகவே நட்சத்திர மதிப்பெண் போடுவதை ஒத்திவையுங்கள். கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். இப்போது பாதியில் இருக்கும் நாவலிலிருந்தே ஆரம்பிக்கலாம்: தேதி, பக்க எண், யார்மேல் சந்தேகம், யார்மேல் பிரியம், அடுத்து என்ன நடக்கும். ஊகம் தப்பினாலும் அடித்துவிடாதீர்கள். கதையைச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இருநூறாம் பக்கத்தில் நீங்கள் எதை நம்பினீர்கள் என்பதற்கு உங்கள் நோட்டு ஒன்றுதான் சாட்சி.