உப்பளத்தில் தண்ணீர்தான் போகும், நஞ்சு தங்கும்

எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, எண்ணெயும் வாயுவும் ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆழத்துல கெடக்குது. நம்ம கெணறு நூறு அடி. அங்க தோண்டினா இங்க என்னா கெட்டுப்போவும்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குத் தெளிவாகப் பதில் சொல்ல வரவில்லை. பதில் சொன்னது, மரக்காணம் உப்பளத்தில் சின்ன வயதிலிருந்து உப்பு வாரும் ஓர் அக்கா. "வெயில்ல தண்ணி மட்டுந்தாம்பா மேல போவும். தண்ணியோட வந்த மத்ததெல்லாம் பாத்தியிலயேதான் கெடக்கும். கலங்கல் வந்தா உப்பும் கலங்கல்தான்" என்றார்.

இந்தக் கரையில் வாயு எடுப்பதால் வரும் ஆபத்து முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதைத்தான் இங்கே விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

நாம் மறந்துபோன 274 கிணறுகள்

2016 மார்ச்சில் மத்திய அரசு எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கான கொள்கையை மாற்றியது. முன்பெல்லாம் கச்சா எண்ணெய்க்கு ஓர் உரிமம், நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு வேறு உரிமம், பாறை வாயுவுக்கு வேறு. புதிய கொள்கையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே உரிமம். 'மீத்தேன் எடுக்கல, ஹைட்ரோகார்பன்தான் எடுக்கிறோம்' என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். ஹைட்ரோகார்பன் என்ற சொல்லுக்குள் மீத்தேனும் அடக்கம்.

அந்தக் கொள்கையின்படி 2018 அக்டோபர் 1ஆம் தேதி நாடு முழுக்க 55 தொகுதிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அவற்றில் 41 வேதாந்தா நிறுவனத்துக்கு. அந்த 41இல் இரண்டு நம் கடற்கரைக்கு உரியவை. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கரையில் தொடங்கி, புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் பக்கம் வரைக்கும் நிலமும் கடலும் சேர்ந்த பரப்பு. இரண்டு தொகுதிகளிலும் சேர்த்து 274 ஆய்வுக் கிணறுகள் தோண்டும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்கள்.

2019 ஜூன் 12ஆம் தேதி 'பேரழிவிற்கு எதிரான பேரியக்கம்' அழைத்து, மரக்காணம் தொடங்கி இராமேசுவரம் வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கு மனிதச் சங்கிலி நடந்தது. உழவர், மீனவர், மாணவர் என்று கைகோத்து நின்றோம். நம்ம ஊர்தான் அதற்குத் தலைவாசல்.

2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. மண்டலத்துக்குள் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடவும் எடுக்கவும் தடை. பெரிய வெற்றிதான். ஆனால் அந்த மண்டலத்தில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும்தான் இருந்தன. சங்கிலி தொடங்கிய மரக்காணம் அதில் இல்லை. விழுப்புரம் மாவட்டமே இல்லை. டெல்டாவுக்குக் கதவு போட்டார்கள், நம்ம வீடு திறந்தே கிடக்கிறது.

அதற்கு ஒரு மாதம் முன்பு, 2020 ஜனவரி 16 அன்று, மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை 'பி2' என்ற பிரிவுக்கு மாற்றியது. இந்தப் பிரிவுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டாம். 'ஆய்வுதானே, எடுக்கும்போது பார்த்துக்கலாம்' என்பது அதன் பொருள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025இல் இராமநாதபுரம் பகுதியில் ஓஎன்ஜிசி நிறுவனத்தின் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. பல மாதம் கழித்துச் செய்தி வெளியே வந்த பிறகுதான் எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகே, எந்த ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் அனுமதிக்க மாட்டோம் என்று மாநில அரசு சொல்லி, அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது. ஊருக்குத் தெரியாமலே காகிதம் நகரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கிணற்றிலிருந்து மேலே வருவது வாயு மட்டுமா?

தம்பியின் கேள்விக்கு வருவோம். வாயு ஆழத்தில் இருக்கிறது, உண்மை. ஆனால் அதை எடுக்க மேலிருந்துதான் துளை போட வேண்டும். நாம் குடிக்கிற நீர்ப்படுகையைத் துளைத்துக்கொண்டுதான் குழாய் கீழே போகும். குழாயைச் சுற்றிலும் சிமெண்டு பூசி அடைப்பார்கள். அந்தப் பூச்சு விரிசல் விடாதவரை நல்லது. உப்புக் காற்றில் நம்ம வீட்டு இரும்புக் கதவு எத்தனை வருசம் தாங்குகிறது என்பது நமக்குத் தெரியும்.

அடுத்தது, கீழிருந்து மேலே வருவது. துளையிடும்போது பெண்டோனைட் களிமண், பேரைட் பொடி, காஸ்டிக் சோடா, கிருமிக்கொல்லிகள் என்று பலதும் கலந்த சேற்றைக் குழாய்க்குள் செலுத்துவார்கள். அது பாறைத் தூளோடு மேலே வரும். எண்ணெய், வாயுவோடு சேர்ந்து ஆழத்து நீரும் வரும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாறைக்குள் கிடந்த நீர் அது. பல இடங்களில் கடல்நீரைவிட உப்பு. உப்போடு பேரியம் போன்ற உலோகங்கள், பென்சீன் போன்ற எண்ணெய்ச் சேர்மங்கள், சில இடங்களில் கதிர்வீச்சுள்ள ரேடியமும் இருக்கும். வாயு இருக்கிறதா என்று சோதிக்கும்போது அதை எரித்தும் விடுவார்கள். இதெல்லாம் ஆய்வுக் கட்டத்திலேயே நடப்பவை. 'ஆய்வுதானே' என்று தள்ளிவிட முடியாது.

எல்லாக் கிணற்றிலும் பாறையை நீரழுத்தத்தால் உடைக்கும் முறை வராது. ஆனால் ஒரே உரிமத்தில் பாறை வாயுவும் அடக்கம் என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும். அந்த முறையில் ஒரு கிணற்றுக்கே கோடி லிட்டர் கணக்கில் நன்னீர் வேண்டும். அதில் மணலும் ரசாயனமும் கலந்து உள்ளே அடிப்பார்கள். இந்த முறை சில சூழ்நிலைகளில் குடிநீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2016 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. நியூயார்க் மாநிலம் மக்கள் நலத்தைக் காட்டி 2014இலேயே இம்முறைக்குத் தடை அறிவித்துவிட்டது.

இந்தக் கரை ஏன் தாங்காது?

வேறொரு இடத்தில் கழிவு சிந்தினால் 'மழையில் கரைந்து போய்விடும்' என்று சமாதானம் சொல்லலாம். மரக்காணத்தில் அந்தச் சமாதானம் எடுபடாது.

உப்பளம் எப்படி வேலை செய்கிறது? கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகுதான் உப்பு பூக்கும். பத்துக் குடம் நீரில் கரைந்திருந்தது ஒரு குடத்துக்குள் வந்து சேரும். உப்புக்கு நடப்பதுதான் நஞ்சுக்கும் நடக்கும். பேரியமும் ரேடியமும் வந்தால், கடல்நீரில் உள்ள சல்பேட்டோடு கூடிப் பெரும்பாலும் பாத்தியின் அடிச் சேற்றில் படியும். அந்தச் சேற்றைத்தான் நம் ஆட்கள் வெறுங்காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். மற்ற உலோகங்களில் கொஞ்சம் உப்போடு ஒட்டும், கொஞ்சம் கடைசியில் வடிக்கும் கசப்பு நீரோடு போகும். பென்சீன் மட்டும் தங்காது, காற்றில் ஏறும். குனிந்து உப்பு வாருகிறவர் மூக்கு அங்கேதான் இருக்கிறது.

அடுத்து கழுவெளி. சுற்று வட்டார ஏரிகளின் மிகுதி நீர் வந்து சேரும் ஆழமில்லாத சதுப்பு அது. கடலுக்குப் போகக் குறுகலான ஒரு கழிமுகம்தான் வழி. கோடையில் நீர் நின்று வற்றும். அதுவும் ஒரு பெரிய உப்புப் பாத்தி மாதிரிதான். 2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதில் மேயும் நாரைக்கும், அதில் இறால் பிடிக்கும் குடும்பத்துக்கும், அதன் கரையில் நெல் போடும் நமக்கும் ஒரே நீர்.

சதுப்பு நிலத்தின் பக்கத்தில் வாயுக் கிணறு வெடித்தால் என்ன ஆகும் என்று அசாம் காட்டிவிட்டது. 2020 மே 27 அன்று தின்சுகியா மாவட்டத்தில் பாக்ஜான் என்ற ஊரில், ஆயில் இந்தியா நிறுவனத்தின் கிணற்றில் பராமரிப்பு வேலை நடந்தபோது வாயு பீறிட்டது. ஜூன் 9 அன்று தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். தீயை முழுதாக அணைக்க நவம்பர் ஆனது. அருகில் இருந்த மாகுரி சதுப்பு நிலத்தின் மேல் எண்ணெய்ப் படலம் பரவியது, மீன்கள் செத்து மிதந்தன. ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு முகாமுக்குப் போனார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் ஓடியதை நாமே பார்த்தோமே.

உடம்பில் என்ன செய்யும்?

பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் வகைப் பட்டியலில் வைத்திருக்கிறது. எலும்பு மச்சையைத் தாக்கி ரத்தப் புற்றை உண்டாக்கும். நீரில் கரையும் பேரியம் அதிகமானால் இதயத் துடிப்பைக் கெடுக்கும். ரேடியம் சுண்ணாம்புச் சத்து மாதிரி எலும்பில் போய் உட்காரும்.

பிள்ளைகளுக்கு? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. பாறை உடைத்து வாயு எடுக்கும் கிணற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்ந்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் அந்தப் பாதிப்பு காணப்படவில்லை. நம்ம ஊர்களில் ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

யூரியா மூட்டைக்குள் இருக்கிற வாயு

இங்கே நம் பக்கத்துக் கணக்கையும் பேசியாக வேண்டும். இந்த வாயு எங்கே போகிறது? நம் நாட்டில் இயற்கை எரிவாயுவை அதிகம் குடிப்பவற்றில் ஒன்று உரத் தொழிற்சாலை. வாயுவிலிருந்து ஹைட்ரஜன், அதிலிருந்து அமோனியா, அதிலிருந்து யூரியா. 45 கிலோ மூட்டை ஒன்று செய்ய, ஏறத்தாழ ஒன்றரை சமையல் சிலிண்டர் தரக்கூடிய அளவு எரிசக்தி செலவாகிறது. பல பூச்சிக்கொல்லிகளைக் கரைக்கிற சைலீன் என்னும் கரைப்பானும் இதே எண்ணெய்க் குடும்பம்தான்.

அதனால், கிணறு வேண்டாம் என்று சங்கிலியில் நின்றுவிட்டு, மறுநாள் தர்பூசணிக்கு யூரியா வாங்க வரிசையில் நின்றால், அந்தக் கிணற்றுக்கு நாமே தேவையை உண்டாக்குகிறோம். நானும் முன்பு அப்படித்தான் நின்றேன். மீத்தேன் எதிர்ப்பையும் இயற்கை வேளாண்மையையும் நம்மாழ்வார் ஐயா சேர்த்தே பேசியதன் நியாயம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. தக்கைப்பூண்டும் சணப்பும் மடக்கி உழுதால், மல்லாட்டையைப் பயிர்ச் சுழற்சியில் வைத்தால், தழைச்சத்தை வானத்திலிருந்தே எடுக்கலாம். அதற்குப் பூமியைத் துளைக்க வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பத்து வருசம் மருந்து அடிக்காமல் மண்ணைத் தேற்றினாலும், பாய்ச்சுகிற நீர் கெட்டால் விளைச்சல் நஞ்சில்லா விளைச்சல் ஆகாது.

செய்ய வேண்டியவை

ஒன்று: உங்கள் கிணற்று நீரை இப்போதே சோதித்து வையுங்கள். கரைந்துள்ள மொத்த உப்பு, குளோரைடு ஆகியவற்றைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பார்க்கலாம். பேரியம், பென்சீன் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகம் தேவைப்படலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஊருக்கு ஒரு கிணறாவது பாருங்கள். தேதியோடு கூடிய பழைய அறிக்கை கையில் இல்லாவிட்டால், நாளைக்கு நீர் கெட்டாலும் 'முன்பே அப்படித்தான் இருந்தது' என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டு: கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மரக்காணம், வானூர் ஒன்றியங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். உப்பளத் தொழிலாளரையும் மீனவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் இல்லாமல் இது உழவர் பிரச்சினையாக மட்டும் சுருங்கிவிடும்.

மூன்று: ஆய்வுக்கான விண்ணப்பங்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' தளத்தில் வரும். படித்த பிள்ளை ஒருவர் மாதம் ஒருமுறை நம் மாவட்டப் பெயரைத் தேடிப் பார்க்கட்டும். கூட்டம் போட்டு நம்மைக் கேட்க மாட்டார்கள் என்று ஆன பிறகு, நாம்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தம்பியிடம் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப மொதல்ல நம்ம கெணத்துத் தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுப்போம்ண்ணே" என்றான். ஊரில் முதல் பாட்டிலில் நீர் பிடித்துக்கொண்டு போனவன் அவன்தான்.