திருமண்காப்பு: அணியா, அடையாளமா?

மேனியில் இடும் குறி வெறும் ஒப்பனையோ, இட்டவனுடைய ஸ்வரூபத்தை அறிவிப்பதோ என்னும் வினா நம் உரைமரபுக்குப் புதிதன்று. சோழமண்டலக் கடற்கரையில் அவ்வினா அயலவரிடையேயும் எழுந்தது.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட்டோ தெ நொபிலி பாதிரியார், பூணூலும் சந்தனமும் குலத்தையும் நாகரிகத்தையும் காட்டும் அணிகளே, சமயக்குறிகள் அல்ல என வாதிட்டார். 1623இல் ரோமாபுரி அதற்கு இசைந்தது. ஆனால் போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல், நெற்றி, மார்பு முதலிய அங்கங்களில் வெள்ளை, சிவப்புக் குறிகளைக் கிறிஸ்தவர் இடலாகாதென விலக்கினார். 1706 ஜூலை 9 அன்று, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு கரையிறங்கினார். தமிழர்க்குக் கடிதம் எழுதி, அவர்தம் வழிபாட்டை அவர்களிடமே கேட்டறிந்தார். 1713இல் இந்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி நூலும் எழுதினார்.

தலைச்சங்க நாண்மதியம் தரங்கம்பாடிக்கு அணித்தே உள்ளது. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருநாங்கூர்த் திருப்பதிகளும் தொலைவில் இல்லை. வந்தவர் கண்ணில் திருமண் தரித்த நெற்றிகள் படாமல் இரா.

இசைந்தவர்க்கும் விலக்கியவர்க்கும் அடிப்படை ஒன்றே: அணியாயின் இருக்கலாம், சமயக்குறியாயின் கூடாது. நம் ஸம்ப்ரதாயத்தில் இதற்கு விடை யாதெனில், திருமண் அணியன்று. அதன் பெயரே ‘காப்பு’. பஞ்சஸம்ஸ்காரங்களுள் தாபத்தை அடுத்துப் புண்ட்ரம் ஆசார்யனால் அளிக்கப்படுகிறது. கேசவன் முதல் தாமோதரன் ஈறாகப் பன்னிரு திருநாமங்களைச் சொல்லி, நெற்றி, வயிறு, மார்பு, கழுத்து, தோள், முதுகு, பிடரி என்னும் இடங்களில் அதனைத் தரிக்கிறோம். வெண்மண் எம்பெருமான் திருவடியாகவும், நடுவே விளங்கும் ஸ்ரீசூர்ணம் பிராட்டியாகவும் அநுஸந்திக்கப்படும். அழகுக்கே இடுவதாயின், தானும் காணாத முதுகிலும் பிடரியிலும் இடுவானேன்? உடல் முழுதும் அவனுக்கே சேஷம் என்பதன்றோ அதன் பொருள்!

ஆயின் அலங்காரம் இம்மரபில் இகழப்பட்டதோ என்னில், அன்று. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் மையும் மலரும் விலக்கிய ஆய்ச்சியரே, இருபத்தேழாம் பாசுரத்தில் வளையும் தோடும் ஆடையும் வேண்டுகின்றனர். இது முரண் அன்று. பிரிவிலே அலங்காரத்துக்குக் கண்டு உகப்பாரில்லை. கூடியபின் அது அவனுகப்புக்காகிறது. ஸ்வாபதேசத்தில் தோள்வளை திருவிலச்சினையாகவும், செவியணிகள் செவிவழி வரும் மந்த்ரங்களாகவும் கொள்ளப்படும். ஆக, பூண்பது எது என்பதன்று, யாருக்காகப் பூண்பது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இக்காலத்தில் அலுவலகம் செல்கையில் நாணித் திருமண்ணை அழிப்பாரும் உண்டு. திருமணப் புகைப்படத்துக்கென்றே அதனைப் பெரிதாக இடுவாரும் உண்டு. இருவரும் பார்ப்பவர் கண்ணையே ப்ரமாணமாகக் கொள்கின்றனர். அவர்கட்கும் அது முகப்பூச்சாகவே நின்றுவிடுகிறது. நொபிலி சந்தனத்தை அணி என்றது, தம் மதத்தார் அதனை இழவாதிருக்கும்பொருட்டு. நாமோ திருமண்ணை அணியாகக் கருதினால், அணிந்திருக்கும்போதே அதன் பொருளை இழப்போம். காலையில் உள்ளங்கையில் நீர்விட்டுக் குழைக்கும்போது திருநாமங்கள் நாவில் இருக்குமாயின், அது காப்பு, இல்லையேல் மண்ணே.