முதல் குண்டு – 7: ஆறு ஊசிகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கதையில், அரசுப் படையின் மேஜர் ஆண்டர்சன் தன் ஆட்களோடு இருட்டில் படகேறி சம்ட்டர் கோட்டைக்குள் புகுந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். 75,000 வீரர்களை அதிபர் லிங்கன் கேட்ட கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன் ஊசிக் கதையைச் சொல்லியாக வேண்டும். நாலு நாளாக அது என்னை விடவில்லை.

அந்தக் காலத்துப் பீரங்கிக்கு மருந்தை அளந்து, துணிப்பையில் கட்டி, வாய் வழியாகத் திணிக்க வேண்டும். திருவிழாவில் வேட்டுக் குழாயில் மருந்து கெட்டிப்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் பதற்றம் தெரியும். 1861 ஏப்ரல் 12, விடிகாலை 4.30 மணிக்குச் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களின் படை சுடத் தொடங்கியபோது கோட்டைக்குள் இந்தப் பைகள் சொற்பம். வீரர்கள் மாற்றுச் சட்டைகளையும் படுக்கை விரிப்புகளையும் வெட்டித் தைத்தார்கள். கோட்டை முழுவதற்கும் இருந்தவை ஆறே ஊசிகள். தைக்கிற வேகத்துக்கு மேல் சுட முடியாது. நண்பகல் வாக்கில் ஆண்டர்சன் ஆறு பீரங்கிகளோடு நிறுத்திக்கொண்டார்.

எதிர்க்கரையில் நின்று சுட்ட படையின் தளபதி போரகார்ட். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அவருக்குப் பீரங்கிப் பாடம் நடத்திய ஆசிரியர் யார் தெரியுமா? இதே ஆண்டர்சன்தான்.

கோட்டையில் உணவும் தீர்ந்துகொண்டிருந்தது. மிஞ்சியது உப்பிட்ட பன்றிக்கறி. புதிய உத்தரவோ உணவோ வராவிட்டால் 15ஆம் தேதி நண்பகலில் வெளியேறிவிடுவதாக ஆண்டர்சனே எழுதிக் கொடுத்திருந்தார். தெற்கு மூன்று நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

ஏன்? உணவு மட்டும் அனுப்புகிறேன், தடுக்காவிட்டால் ஆளோ ஆயுதமோ அனுப்பமாட்டேன் என்று லிங்கன் தென் கரோலினா ஆளுநருக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பினார். அந்த உணவுக் கப்பலைத் தெற்கத்தியர் விட்டால் தங்கள் துறைமுகத்தில் அந்நியக் கொடி பறப்பதை ஒப்புக்கொண்டதாகும்; தடுத்தால் பசித்தவனின் சோற்றைத் தட்டிவிட்ட பழி வரும். பிரிந்த மாநிலங்களின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் பழியைத் தேர்ந்தெடுத்தார். அவர் செய்த தவறுகளில் இதுதான் மிகப் பெரியது என்பேன். பிரிவினைக்குக் காரணம் அடிமை முறை. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பகை பல பத்தாண்டுகள் பேச்சாகவும் சட்டமாகவும் ஓடியது. போகிறவர்கள் போகட்டும் என்று வடக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட, தங்கள் கொடி மீது குண்டு விழுந்த செய்தி கேட்டுப் படையில் சேர வரிசையில் நின்றார்கள்.

34 மணி நேரச் சண்டையில் இரு பக்கமும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சரணடைந்தபின், கொடியை இறக்கும்போது நூறு முறை பீரங்கி முழக்கி மரியாதை செய்ய ஆண்டர்சன் அனுமதி வாங்கினார். பாதி வழியில், திணித்துக்கொண்டிருந்த மருந்துப்பை வெடித்தது. டேனியல் ஹௌ என்ற வீரர் அங்கேயே இறந்தார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன போரின் முதல் சாவு அது.

லிங்கனின் 75,000 அடுத்த வாரம்தான். அதுவரை இதை மட்டும் நினைவில் வையுங்கள்: வர்ஜீனியாவின் மாநாடு ஏப்ரல் 4 அன்று பிரிவினைத் தீர்மானத்தைத் தோற்கடித்தது. அதே மாநாடு ஏப்ரல் 17 அன்று அதை நிறைவேற்றியது.