உங்களுக்குத் தெரியுமா? – தாழ்த்திய கார், தளராத பேரிங்

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் மலைப்பாதையில், ‘லோ’ பண்ணிய காரில் போனவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது பொனட்டுக்கு அடியிலிருந்து ஒரு ‘டொக்’. இந்தத் தடவை துணுக்குகள் எல்லாம் அந்த ஒரு சத்தத்தைப் பற்றியவை.

● பொனட்டைத் திறந்தால் இரண்டு ஓரங்களிலும் நட்டுகள் சூழ்ந்த ஒரு வட்டம் தெரியும். அதற்கு நேர் கீழே இருக்கும் தட்டை வளையம்தான் ஸ்ட்ரட் பேரிங். ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஷொக்கும் ஸ்பிரிங்கும் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும். காரின் உடல் திரும்பாது. நடுவில் நின்று வழிவிடுவது இந்த வளையம்.

● சக்கரத்துப் பேரிங் ஒரு கிலோமீற்றருக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஸ்ட்ரட் பேரிங்கோ தன் ஆயுளில் ஒரு முழுச் சுற்றுக்கூடச் சுற்றுவதில்லை. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், அவ்வளவுதான். ஆனால் பல கார்களில் அந்தப் பக்கத்து முன்பாரம் முழுவதையும் தலையில் சுமந்துகொண்டே அது அசைய வேண்டும். தலையில் கொழுந்துக் கூடையோடு திரும்பிப் பார்ப்பது போன்ற வேலை.

● இந்த அமைப்புக்குப் பெயர் மெக்பர்சன் ஸ்ட்ரட். ஏர்ள் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்னக் காருக்காக இதை யோசித்தார். அந்தக் கார் கைவிடப்பட்டது. அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950 லண்டன் மோட்டார் கண்காட்சியில் வந்த ஃபோர்டு கொன்சல், செஃபர் கார்கள் இதைப் புகழ்பெறச் செய்தன. இன்று தோட்டத்துப் பாதைகளில் ஏறி இறங்கும் மாருதி 800, ஆல்ட்டோ, வேகன் ஆர் மூன்றுக்கும் முன்பக்கம் இதுதான்.

● பேரிங்கை அதன் இருக்கையில் அமர்த்தி வைத்திருப்பது நட் என்று நினைக்கிறோம். பெரும்பாலான கார்களில் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஸ்பிரிங்கின் அழுத்தம். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டாலும், கம்பனி ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமுங்கியபடியே இருக்கும். அந்த அமுக்கம்தான் மேல்தட்டையும் பேரிங்கையும் நகரவிடாமல் மேலே தள்ளிப் பிடித்திருக்கிறது.

● ஒரு சின்னக் கணக்கு. வெளியே கழற்றி வைத்தால் ஸ்பிரிங்கின் நீளம் 340 மில்லிமீற்றர். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங்குக்கு உள்ள இடம் 300. அப்போதும் 40 மில்லிமீற்றர் அமுங்கியிருக்கிறது, பயமில்லை. அதே ஸ்ட்ரட்டில் 290 மில்லிமீற்றர் ஸ்பிரிங்கைப் போட்டால்? சக்கரம் தொங்கும் ஒவ்வொரு தடவையும் 10 மில்லிமீற்றர் இடைவெளி விழும். ஸ்பிரிங் ஆடும், மேல்தட்டு சரியும், பேரிங் இருக்கையை விட்டு விலகும். சக்கரம் மறுபடி தரையில் பதியும்போது எல்லாம் கோணலாக வந்து உட்காரும். அந்த ‘டொக்’ அங்கேதான் பிறக்கிறது.

● சமதரையில் ஓடும் காருக்குச் சக்கரம் முழுதாகத் தொங்குவது அபூர்வம். மலையில் அப்படியில்லை. கொண்டை ஊசி வளைவில் உடல் வெளிப்பக்கம் சாய, உள்பக்கச் சக்கரம் கீழே நீள்கிறது. எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டும்போது ஒரு சக்கரம் கானுக்குள் இறங்குகிறது. மழை அரித்த குழியில் இன்னொன்று. பண்டாரவளை டவுனில் சத்தமே போடாத கார், பூனாகலை ஏற்றத்தில் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

● செலவில்லாமல் காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடும் வழக்கம் உண்டு. ஸ்பிரிங்கின் நுனி, கீழ்த்தட்டில் உள்ள படியில் போய் முட்டி நிற்கும்படி செய்யப்பட்டது. நுனியை அறுத்தால் அந்தப் பொருத்தம் போய்விடும். காஸ் வைத்து அறுத்தால் சூட்டில் அந்த இடத்து உருக்கின் பதமும் கெடும்.

● அறுத்த ஸ்பிரிங் குட்டையாவது மட்டுமல்ல, கடினமாகவும் ஆகிறது. வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை வெட்டினால் மிச்சம் ஐந்து 20 சதவீதம் கூடுதல் கடினம். சுற்றுக் குறையக் குறைய விறைப்பு ஏறும் என்பது ஸ்பிரிங்கின் விதி. கார் ‘கல்லு மாதிரி’ ஓடுகிறது என்று பெருமைப்படுபவர், அந்த அடி பேரிங்கின் தலையிலும் விழுவதை நினைப்பதில்லை.

● கராஜில் ஒரு காட்சி. கம்பனி ஸ்ட்ரட்டைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரசர் கட்டாயம். அது இல்லாமல் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளையே அடிக்கும். ஆனால் ‘லோ’ பண்ணிய ஒரு காரின் ஸ்ட்ரட்டை மேசையில் வைத்து, கம்ப்ரசரை மாட்டுவதற்கு முன்பே, பாஸ் ஸ்பிரிங்கை ஒரு கையால் பிடித்துச் சுற்றிக் காட்டினார். பம்பரம் போலச் சுற்றியது. “பாத்தீங்களா தம்பி, எனக்கு வேல லேசு. ஒங்களுக்குத்தான் ஆபத்து” என்றார். கையால் சுற்ற முடிகிற ஸ்பிரிங் எதையும் பிடித்து வைக்காது.

● அந்த ‘பாஸ்’ என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. டச்சு மொழியின் ‘பாஸ்’ சிங்களத்தில் கைவினைஞரைக் குறிக்கும் சொல்லாகி, நம் பேச்சுக்கும் வந்தது. ஆங்கிலத்தில் முதலாளியைக் குறிக்கும் ‘பொஸ்’ஸும் அதன் உடன்பிறப்புத்தான்.

● தாழ்த்துவது தப்பே இல்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் 1934இல் தொடங்கியது. மலையேற்றப் பந்தயங்களில் காரைத் தாழ்த்தி ஓட்டுவது உலக வழக்கம். ஆனால் அவர்கள் ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்குவதில்லை. ஷொக்கையும் அதற்கேற்ற அளவில் போடுகிறார்கள். முழுதாக நீண்டாலும் ஸ்பிரிங்குக்கு இடைவெளி விழாத நீளம் அது.

● வேறு வழிகளும் உண்டு. நுனியில் நெருக்கமாகச் சுற்றிய ஸ்பிரிங் ஒன்று: கார் நிற்கும்போது அந்த நெருக்கச் சுற்றுகள் மூடிக்கொள்ளும், சக்கரம் தொங்கும்போது விரிந்து இடைவெளியை நிரப்பும். உயரம் மாற்றக்கூடிய கொயிலோவர்களில், பட்டைக் கம்பியால் ஆன ‘ஹெல்பர் ஸ்பிரிங்’ இதே வேலையைச் செய்யும். அதற்கு வலு கிடையாது. சுமப்பது அதன் வேலையுமல்ல. பெரிய ஸ்பிரிங் சும்மா இருக்கும் நேரத்தில் பேரிங்கைப் பிடித்துக்கொண்டால் போதும். உடல் நீளத்தையே கீழ்ப் பிடியில் குறைக்கும் கொயிலோவர் இன்னும் நல்லது. ஸ்பிரிங்கைத் தளர்த்தாமலே கார் தாழும்.

● ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் காய்ந்த கச்சான் காற்று தேயிலைக்கு வாசம் தருகிறது. பேரிங்குக்குத் தூசு தருகிறது. ஒக்டோபரில் தொடங்கும் மழை சேற்றைத் தருகிறது. சரியாக அமர்ந்த பேரிங்கில் இரண்டும் எளிதில் நுழையாது. இருக்கை விலகியதில் கிரீஸோடு கலந்து அரைக்கும்.

● பேரிங் இறுகிவிட்டால் அடையாளம் இலகு. வளைவு முடிந்த பிறகும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, இழுத்துவிட வேண்டும். நின்ற இடத்தில் திருப்பினால் ஸ்பிரிங் முறுகிக்கொண்டு நின்று, ‘டொய்ங்’ என்று விடுபடும்.

● புதுப் பேரிங் போட்ட மறுவாரமே சத்தம் வருகிறதா? தலைகீழாகப் போட்டிருக்கலாம். பல பேரிங்குகளுக்கு மேல் எது, கீழ் எது என்று உண்டு. நடு நட்டையும் பழையதையே போடாமல் புதிதாக வாங்கி, கம்பனி சொன்ன இறுக்கத்துக்கு முறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ஷொக்கின் தண்டு சுழலச் சுழல முறுக்குவது வேலையல்ல, சேதம்.

● வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வாகனத்தைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். அது புகைக்கானது, ஸ்பிரிங் இருக்கையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கானதல்ல. பிரித்தானியாவின் வருடாந்தப் பரிசோதனையில் ஸ்பிரிங் தன் இடத்தில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். இங்கே அந்தக் கண் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

● எப்படிப் பார்ப்பது? சமதரையில், மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, காரை உடலில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். கீழ்க் கையில் கொடுத்தால் ஸ்பிரிங் அமுங்கி உண்மையை மறைத்துவிடும். ஸ்டாண்டும் வையுங்கள். சக்கரம் தொங்கியதும் ஸ்பிரிங்கைப் பிடித்து அசையுங்கள். அசையவில்லையா, நிம்மதி. ஆடினால், அதே நிலையில் பூனாகலைப் பாதையில் இறங்காதீர்கள். அடுத்த வளைவுக்கு முன் ஒரு நல்ல பாஸிடம் காட்டி, ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷொக்கைப் போட்டுவிடுங்கள்.